தம்பி வாங்கின பூசணிக்காய்

ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஆரோக்கியத்துக்கு எரிச்சல் வந்துவிடும். பூசை முடிந்ததும் தூக்குவாளியோடு வெயிலில் ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டும். அங்கே தம்பி யூஜின் அவள் கொண்டுபோன ஆப்பத்தைப் பிய்த்துப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான்.

"இதுல என்னா கலந்த?"

"என் தலைய கலந்தேன். தின்றா!"

தின்னமாட்டான். பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிடுவான்.

ஆரோக்கியம் குருசுக்குப்பத்தில் ஆப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு அவளுக்கென்று இருந்தது தம்பி ஒருத்தன்தான். டவுனில் ஒரு ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தான். பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போய் மூன்று வருஷம் இருக்கும், ஒரு நாள் மாவில் யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று கூச்சல் போட்டு, பிசைந்தது அத்தனையையும் அள்ளி வாய்க்காலில் கொட்டினான். அப்புறம் வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. மந்திரித்துப் பார்த்தாள், மாதாகோயிலில் நேர்ந்துகொண்டாள், எதற்கும் கேட்கவில்லை. கடைசியில் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

மாத்திரையில் கூச்சல் அடங்கியது. கயிறு திரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், திரித்தான். ஆனால் வெளியே போகச் சொன்னால் மட்டும் கட்டிலின் காலைப் பிடித்துக்கொள்வான். வார்டைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரியை எல்லாரும் மசேர் என்பார்கள். ஒரு நாள் அவர் ஆரோக்கியத்தைக் கூப்பிட்டார்.

"சமையலுக்குக் கத்தரிக்காய் வேணும். யூஜின் போய் வாங்கி வரட்டும். நீ கூட போ. ஆனா வாயத் தெறக்கக் கூடாது."

"நானா மசேர்?"

"நீதான்."

மார்க்கெட் வரை அவன் சுவரை ஒட்டி ஒட்டி நடந்தான். காய்க்காரி வீராயியின் கூடைக்கு முன்னால் குந்தி, ஒவ்வொரு கத்தரிக்காயாக எடுத்துத் திருப்பி, காம்பை அழுத்தி, முகர்ந்து, திரும்ப வைத்தான். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"எடுத்தா எடு, இல்லாட்டி வழிய வுடு" என்று வீராயி சத்தம் போட்டாள்.

ஆரோக்கியத்துக்கு அந்தக் கூடையையே அவன் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் சட்டென்று திரும்பினான்.

"அக்கா, நீ தள்ளிப் போயி நில்லு. நீ மொறைக்கிறதுலதான் எனக்கு காயே எடுக்க வரல."

"நான் ஒரு வார்த்த பேசினேனாடா?"

"பேசல. மொறைக்கிற."

மீன்கடைப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றாள். இவனுக்காக வெயிலில் வந்தவளைப் பார்த்து இப்படியா என்று கண் கலங்கியது. திரும்பிப் பார்க்கலாமா என்று நினைத்து நினைத்து அடக்கிக்கொண்டாள். கடைசியில் அவனே வந்தான், தோளில் பெரிய பூசணிக்காயோடு.

"கத்தரிக்காய் எங்கடா?"

"அதுல பூச்சி இருக்கு. இத அறுத்துக் காட்டச் சொன்னேன். அவ அறுக்கமாட்டேன்னா. தட்டிப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு."

பாதி வழியில் தோள் வலிக்கிறது என்று அதை அவளிடம் கொடுத்துவிட்டான். வார்டு வாசலில் இறக்கி வைத்து அவள் மூச்சு வாங்கினாள்.

"பாருங்க மசேர், நீங்க கேட்டது என்னா, இவன் வாங்கினது என்னா!"

மசேர் பூசணிக்காயைப் பார்க்கவே இல்லை. "கடைக்காரிகிட்ட பேசினானா?"

"சண்டையே போட்டுட்டு வரான்."

"அது போதும்" என்றார் மசேர்.

இதற்குப் போய் என்ன சந்தோஷம் என்று ஆரோக்கியத்துக்குப் புரியவில்லை. அன்றைக்கு வார்டில் பூசணிக்காய்க் குழம்பு. யூஜின் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். அதற்கும் அவளுக்கு ஆத்திரம்: இத்தனை நாள் அவள் கைச் சோறு இறங்காதவன்!

அப்புறம் மார்க்கெட்டுக்குத் தனியாகவே போய்வர ஆரம்பித்தான். அறுபதாம் வருஷம் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைச்சாவடியில் ஒரு கொட்டகையில் கயிறு திரிக்கும் வேலை கிடைத்தது. வீட்டில் அவள் கழுவி வைத்த பாத்திரத்தை மறுபடி கழுவுவான். கத்தக் கூடாது என்று மசேர் சொல்லியிருந்தார். ஆரோக்கியம் கத்தத்தான் செய்தாள். அவனும் திருப்பிக் கத்தினான்.

மாதாமாதம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள். ஒரு மாதம் அவள் புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால் ஆளைக் காணோம். உச்சிவெயில் தாண்டியும் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணிடம் அவனைத் திட்டுவதும் தெருமுனைக்குப் போய்ப் பார்ப்பதுமாக இருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் வந்தான், பையில் மாத்திரையோடு. கடற்கரையில் ஆட்கள் பிரெஞ்சுக்காரன் பழக்கிவிட்டுப் போன இரும்புக் குண்டு ஆட்டம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டானாம்.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா என்னாடா?"

"சொன்னா நீயும் வருவ."

ஆரோக்கியம் சோற்றைப் போட்டுத் தட்டை நங்கென்று அவன் முன்னால் வைத்தாள். அடுத்த மாதமும் இவன் தனியாகவே போய்விடுவான் என்று நினைக்க நினைக்க அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.