பீடத்துக்குக் கீழே

சுதந்திரம் வந்த புதிதில், மைசூரில் எங்கள் தமிழ்ச் சபைக்குப் போதகர் பாதி ஞாயிறுகள் வரமாட்டார். அன்றெல்லாம் அப்பாதான் பிரசங்கம் செய்வார். ரயில் பட்டறையில் வேலை. வேதத்தைத் தானாகவே படித்துத் தேறியவர். குருப்பட்டம் இல்லாததால் பிரசங்க பீடத்தில் ஏற அவருக்கு அனுமதியில்லை. வருஷக்கணக்கில் தரையில் நின்றே பேசினார். குள்ளமான மனிதர். பின் பெஞ்சில் இருந்த எங்களுக்கு அவர் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும்.

அவருடைய அடக்க ஆராதனைக்குப் போதகர் தவறாமல் வந்து பீடத்தில் ஏறினார்.

“எவ்வளவு தாழ்மையான மனுஷர்! கடைசிவரை தரையில் நிற்பதையே விரும்பினார்” என்றார்.

பெட்டியருகே உட்கார்ந்திருந்த அம்மா தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் பின் பெஞ்சுவரை கேட்டது.

“மேல ஏற எங்க விட்டீங்க, ஐயா?”