வாசலில் கழன்ற சக்கரம்

பதினோரு வருஷமாக அவன் சைக்கிள் ரேஸ் ஓட்டுகிறான். ஏழெட்டு நாடுகளில் ஓட்டியாகிவிட்டது, ஓரிடத்திலும் ஜெயித்ததில்லை. ஜெயிப்பது அவன் வேலையும் இல்லை. பின்னால் வரும் டீம் காரில் தண்ணீர் பாட்டில்களை வாங்கி, சட்டைக்குள் முன்னும் பின்னும் திணித்துக்கொண்டு, மூச்சிரைக்க மிதித்து கேப்டனிடம் சேர்ப்பான். எதிர்காற்று அடித்தால் கேப்டனுக்கு மறைப்பாக முன்னால் போவான். கேப்டன் கோப்பையைத் தூக்கும்போது இவன் நூற்றுச் சொச்சமாவது ஆளாக வந்துகொண்டிருப்பான். தெருவில் அவனுக்குப் பெயர் தண்ணிக்காரன்.

இதெல்லாம் தெரிந்துதான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பொறுக்காதது ஒன்றே ஒன்று. எட்டு வயது மகளிடம் பள்ளிக்கூடத்தில், "உங்கப்பா இந்தத் தடவை எத்தனாவது?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரும்.

அந்த வருஷம் ரேஸ் அவர்கள் தெரு வழியாகவே போனது. ரேஸ்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுடைய ஊருக்குள் நுழையும்போது மற்றவர்கள் வேகத்தைக் குறைத்து அவனை முன்னால் விட்டுவிடுவார்கள். வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று பெண்டாட்டி பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம்.

ஒரு நிமிஷம் போதும் என்றாள் அவள். அப்பா முதலில் வருவதைப் பிள்ளை ஒருமுறை கண்ணால் பார்க்கட்டும். மகள் ரோட்டில் சாக்பீஸால், 'அப்பா ஃபர்ஸ்ட்' என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்தாள்.

"இன்னைக்காவது யாருக்கும் தண்ணி குடுக்காம வருவாரா?" என்றாள் மாடி வீட்டு அக்கா.

"குடுத்தா உங்க தலையில ஊத்தச் சொல்றேன்க்கா" என்றாள் இவள்.

வந்தான். தெருமுனையில் தன்னந்தனியாக, பின்னால் ஒரு ஈ காக்கை இல்லாமல் வந்தான். மகள் தொண்டை கிழியக் கத்தினாள். வாசலில் இறங்கி அவளைத் தூக்கினான்.

தூக்கிய கை இறங்குவதற்குள் கூட்டம் வந்துவிட்டது. அதிலிருந்து கேப்டன் ஒதுங்கி நின்றான். முன்சக்கரம் பஞ்சர்.

"அண்ணே, சக்கரம்!"

யோசிக்கவே இல்லை. பிள்ளையை இறக்கிவிட்ட கையோடு தன் முன்சக்கரத்தைக் கழற்றி கேப்டன் சைக்கிளில் மாட்டிவிட்டான். டீம் கார் முப்பது அடி பின்னால்தான் வந்துகொண்டிருந்தது. அதில் அரை டஜன் சக்கரம் இருந்தது. கேப்டன் கிளம்பிவிட்டதைப் பார்த்து, காரும் நிற்காமல் அவன் பின்னாலேயே போய்விட்டது.

"ரெண்டாவது வண்டி வரும்ணே!" என்று ஜன்னல் வழியாக ஒரு குரல் மட்டும் வந்தது.

அந்த வண்டி வரவில்லை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு அவள் பின்கட்டுக்கு ஓடினாள். அவன் பயிற்சிச் சக்கரங்கள் நாலு அங்கே ஆணியில் தொங்கின. ஒன்றைத் தூக்கி வந்தாள்.

"மாட்டிட்டுக் கெளம்புங்க."

"கூடாதும்மா. டீம் ஆளுங்க குடுத்தாத்தான் வாங்கலாம். வெளியாள் குடுத்தா ரேஸ்லருந்தே தள்ளிடுவாங்க."

"நான் வெளியாளா?"

சக்கரம் அவள் கையிலேயே இருந்தது. மாடியில் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

கடைசியாக, ரேஸில் பின்தங்கிப்போனவர்களைப் பொறுக்கிப் போகும் வேன் வந்தது. அதிகாரி இறங்கினார், கடிகாரத்தைப் பார்த்தார், அவன் முதுகிலிருந்த நம்பரை ஊக்கு ஊக்காகக் கழற்றி எடுத்துக்கொண்டார். மகள் எல்லாவற்றையும் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

சாயங்காலம் டிவியில் கேப்டன் சிரித்தான். ஜெயித்துவிட்டான். சைக்கிள் கம்பெனிக்கு நன்றி சொன்னான், ஷூ கம்பெனிக்கு நன்றி சொன்னான்.

"அப்பாவுக்கு ஏம்மா சொல்லல?"

"குழாய்க்கு யாராச்சும் தேங்க்ஸ் சொல்லுவாங்களா? சாப்பிடு."

"அவன் அவசரத்துல மறந்திருப்பான்" என்றான் அவன். சொல்லிக்கொண்டே எழுந்து, ஜாடியை எடுத்து, மகள் தம்ளரில் தண்ணீர் ஊற்றினான். பிறகு பெண்டாட்டி தம்ளரில். தன்னுடையதற்கு வரும்போது ஜாடி காலி.

அவள் ஜாடியைப் பிடுங்கினாள்.

"ஒக்காருங்க. இங்க கேப்டன் யாரும் இல்ல."

உட்கார்ந்தான். மகள் தன் தம்ளரை மெதுவாக அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதை அப்படியே அவள் பக்கம் தள்ளி வைத்தான்.