ஸ்பீக்கரில் வந்த குரல்

ஆரணியில் நான் வேலை பார்க்கும் பட்டுப்புடவைக் கடையில் புடவைப் படங்கள், ஆர்டர்கள், வாடிக்கையாளர்களின் போன் பேச்சுப் பதிவுகள் எல்லாமே கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. சேரச் சேர அது திணறியது. தேடக் கொடுத்துவிட்டு டீ குடித்து வரலாம். புது டேட்டாபேஸ் போடச் சொன்னார் முதலாளி.

இரண்டைத் தேர்ந்தெடுத்து, மொத்தத் தகவலையும் இரண்டிலும் ஏற்றினேன். அரக்கு பார்டர் பற்றிய பேச்சுகளைத் தேடினேன். முதலாவது சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாவது உடனே காட்டியது. சரிபார்க்க மேலே இருந்த பதிவை அழுத்தினேன்.

"சொல்லுங்கக்கா, அரக்கு பார்டர்தான் நெய்துகினு இருக்காங்க. ஜல்தியா அனுப்பிடறேங்க."

என்னோடு ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தவளின் குரல். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனாள்.

புடவை மடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"நிறுத்துப்பா" என்றார். நிறுத்தினேன். பிறகு, "எது ஜல்தியா எடுத்துச்சு?"

"இதுதாங்க."

"இதையே போட்டுடு. அந்தப் பொண்ணு பேசுனத மட்டும் அழிச்சிடாத."

அழிக்கவில்லை. இப்போது எதைக் கேட்டாலும் நொடியில் வருகிறது. நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத்தான் தேடுகிறேன். அப்போதும் காது எதற்கோ காத்திருக்கிறது.