வில்சன் மாமாவும் முப்பத்தாறு இறாலும்

என் தாய்மாமன் வில்சன் ஒரு பட்டதாரி. இதை ராயபுரத்துக்கு அறிவித்தது பல்கலைக்கழகம் இல்லை, அவருடைய கல்யாணப் பத்திரிகை. பெயருக்குப் பக்கத்தில் ‘பி.காம்.’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. புள்ளியியல் பேப்பர் மட்டும் அரியர் என்பதை அச்சகத்தில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த தேர்வில் முடித்துவிடலாம் என்று நினைத்தாராம். அதற்குப் பிறகு அவர் முடித்தவை ஒரு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், ஒன்பது தோல்விகள்.

வேலை காசிமேட்டில், மஜீது பாயின் இறால் கம்பெனியில். கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கும் என்று கூடைகூடையாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். கூடையின் மேலே பெரிய இறாலாகத்தான் அடுக்கியிருப்பார்கள். அதனால் மாமா மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுப்பார். கலந்து நிறுத்து எண்ணி, “அம்பது” என்பார். கம்பெனியில் மொத்தத்தையும் கொட்டி எண்ணினால் நாற்பத்தொன்பது வரும், இல்லை ஐம்பத்தொன்று. இப்படிப்பட்டவர்தான் புள்ளியியலில் பதினெட்டு வருஷமாக ஃபெயில்.

போன வருஷம் பழைய அரியர்காரர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று அறிவிப்பு வந்தது. அதே வாரம் மஜீது பாய் அவரை மேற்பார்வையாளராக்க முடிவு செய்தார்.

“சும்மா ஒரு காயிதம்பா வில்சன். ஆடிட்டுக்கு வர்றவன் டிகிரி இன்னான்னு கேக்கறான். பொட்டில கீறத எட்த்தாந்து குடு.”

ரேச்சல் அத்தை அன்றைக்கே டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேட ஆரம்பித்தார். உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். ஹால் டிக்கெட்டை டவுன்லோடு செய்து கொடுப்பவள் நான்தான். என் வாயை மூட வாரம் ஒரு பிளேட் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ். பத்தாவதோடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துவிட்டது என்பதால் அவருக்குப் பாடம் சொல்லும் தகுதி எனக்கில்லை. கேலி செய்யத் தகுதி தேவையில்லை.

“பல்பு சராசரியா ஆயிரம் மணி நேரம் எரியும், திட்ட விலக்கம் அறுவது,” என்று மாமா கணக்கைப் படித்தார். “முப்பத்தாறு பல்பு எட்த்தா, அதோட சராசரி தொள்ளாயிரத்து எம்பதுக்குக் கீழ எறங்க எவ்ளோ வாய்ப்பு? நூத்துக்கு முப்பத்தேழு.”

“பொஸ்தகத்துக்குப் பின்னால ரெண்டு சொச்சம்னு போட்டுகீதே மாமா.”

“பொஸ்தகம் தப்பு. முப்பத்தாறுக்கு வர்க்கமூலம் ஆறாம், அறுவத ஆறால வகுக்கணுமாம். எத்தினி எட்த்தாலும் பல்பு அதே பல்பு தான? விலக்கம் எப்டி கொறையும்?”

இது இறால் விற்க வரும் போட்டுக்காரர்களின் வாதம். மாமா இரண்டாம் பிடிக்குக் கை விட்டால், “எத்தினி பிடி எட்த்தாலும் எறா அதே எறா தான்” என்று கத்துவார்கள். அங்கே அதை ஒரு நாளும் மதிக்காத மனிதர், தேர்வு மண்டபத்தில் ஒன்பது தடவை அதையே எழுதிவிட்டு வந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, இரண்டு கிலோ இறாலும் ஒரு சின்ன தராசுமாக உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக நிறுத்து எடைவாரியாகத் தட்டில் அடுக்கினார். இருபது கிராம் பக்கம் குவிந்தது, இரண்டு ஓரமும் மெலிந்தது. கோயில் மணி மாதிரியே இருந்தது. “இது இயல்நிலைப் பரவல்,” என்றார். இதுவரைக்கும் அவருக்குத் தகராறு இல்லை.

பிறகு எல்லாவற்றையும் கலந்து முப்பத்தாறு எடுத்தார். சராசரி இருபது. அவர் கை கழுவப் போன நேரம், இருபது கிராம் இறால் ஒன்றை எடுத்துவிட்டு, சமையலறையில் குழம்புக்கு வைத்திருந்த ஐம்பத்தாறு கிராம் தடியன் ஒருவனைச் செருகினேன். மறுபடி நிறுத்தால் கணக்கு கவிழ்ந்து மனிதர் அலறுவார் என்று காத்திருந்தேன்.

இருபத்தொன்று வந்தது. அவ்வளவுதான். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு மட்டமாகத் தோற்ற குறும்பு வேறில்லை.

மாமா தடியனைக் கண்டுபிடித்துத் தூக்கினார். “ஏ வாலு, உன் வேலையா?” திட்டு வரவில்லை. இறாலையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒத்தையா எட்த்திருந்தா இவன் முப்பத்தாறு கிராம் ஏத்தியிருப்பான். கும்பல்ல ஒரு கிராம் தான் ஏத்தினான். எறா அதே எறா தான்டி. சராசரி தான் அடங்கிப் போவுது.”

அப்புறம் இருபது தடவை கலந்து கலந்து எடுத்தார். எந்தச் சராசரியும் பதினெட்டரைக்குக் கீழே இறங்கவில்லை, இருபத்தொன்றரையைத் தாண்டவில்லை.

“அப்போ முப்பத்தாறாலயே வகுக்கலாமே, ஏன் ஆறு?” என்றேன்.

“ஒருத்தன் ஏறுனா ஒருத்தன் எறங்குவான். ஆனா முழுசா கழிஞ்சிடாது, கொஞ்சம் நிக்கும்,” என்றார். எனக்கே கொஞ்சம் புரிந்தது, அதுதான் அவமானம்.

தேர்வில் பல்புக்குப் பதில் சிமெண்டு மூட்டை வந்தது. நாற்பத்து மூன்று மார்க், பாஸ். அதுவரை மஜீது பாய்க்கு “தேடிகினு கீறோம்” என்பதே பதில், அத்தையும் பெட்டியைக் கவிழ்த்தபடியே இருந்தார். சர்டிபிகேட் கைக்கு வந்ததும் மாமாவின் முகம் செத்துவிட்டது. தேர்ச்சி பெற்ற மாதமும் வருஷமும் அதில் கொட்டை எழுத்தில் இருந்தன. மஜீது பாய் பார்க்கமாட்டார். அத்தை பார்ப்பார்.

“அந்த எடத்துல காபி கொட்டிடலாம் மாமா,” என்றேன்.

மாமா யோசித்தார், மறுக்கவில்லை. மூன்று நாள் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தார். நான்காம் நாள் அவராகவே கொண்டுபோய் அத்தை கையில் கொடுத்தார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஜன்னல் திறந்திருந்தது, அது வேறு விஷயம்.

அத்தை ரொம்ப நேரம் படித்தார். “அப்போ எங்கப்பா என்னைக் கட்டிக் குட்த்தது யாருக்கு?”

“ப்ளஸ் டூவுக்கு.”

“இத்தினி வருஷமா எங்கிட்ட சொல்லல.”

“பயந்துகினு கீறேன் ரேச்சல். இப்பவும்.”

உள்ளே பெட்டியிலிருந்து கொட்டிய பழைய காகிதங்களை யாரோ ஒதுக்கும் ஓசை மட்டும் கேட்டது. அப்புறம் அத்தையின் குரல்.

“நாளைக்கே கொண்டும்போய் குடுங்க. லேமினேட் பண்ணிடாதீங்க, ஆடிட்டுக்காரன் ஒத்துக்க மாட்டான்.”