உங்களுக்காகக் காத்திருப்பேன்

கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தினமும் காலையில் மலையைப் போட்டோ எடுத்துப் போடுவேன். "இன்னிக்கு மேகம் ஜாஸ்தி" என்று கூடவே ஒரு வரி. அவ்வளவுதான் என் பேஜ். பார்க்கிறவர்கள் ஏதாவது எழுதுவார்கள், அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே நானும் ஒரு கையால் பதில் போட்டுவிடுவேன்.

அப்படிப் பழக்கமானவர்தான் பண்ருட்டிப் பக்கத்து அம்மா ஒருவர். தனியாக இருப்பவர், மகனுக்கு ஓசூரில் வேலை. டைப் அடிக்க வராது, பேசித்தான் அனுப்புவார். "கண்ணு, மலை ஏன் இன்னிக்கு மங்கலா இருக்குது? உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்பார். மலை மங்கினால் எனக்கு ஏன் உடம்பு கெட வேண்டும்? சிரிப்பாக வரும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பதால் அவருக்கு மட்டும் நானும் பேசியே அனுப்புவேன். சுகர் மாத்திரை போட்டாச்சா என்று கேட்காமல் முடிக்க மாட்டேன். நேரில் பார்த்ததே கிடையாது. அவர் கணக்கில் படமாக வைத்திருந்ததும் முருகன்தான்.

கூட்டம் சேர ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரருக்கு ஆசை வந்துவிட்டது. டவுனில் மொபைல் கடை வைத்திருப்பவர், எல்லாம் தெரிந்தவர். "ஒவ்வொருத்தருக்கா உக்காந்து பதில் போட்டுனு இருந்தா பேஜ் எப்ப வளர்றது?" என்று கேட்டு, யார் என்ன அனுப்பினாலும் தானாகவே பதில் போகிற மாதிரி செய்துவிட்டார். பதிலையும் அவரே எழுதினார்: "அன்புச் சொந்தமே! கிரிவலம் வாங்க. அடி அண்ணாமலையில் உங்களுக்காகக் காத்திருப்பேன். அரோகரா!"

"யாரு காத்திருக்கப் போறது? நீங்களா?" என்று சண்டை போட்டேன்.

"அது ஒரு பேச்சுக்குடி. படிக்கிறவங்களுக்கு நம்ம வீட்டு ஆளே பேசற மாதிரி இருக்கணும்."

பேஜின் பாஸ்வேர்டையும் மாற்றி, மெசேஜ் பக்கம் வராதே, போட்டோ மட்டும் கொடு என்று சொல்லிவிட்டார். நல்ல நாளிலேயே அவரோடு பேசி ஜெயிக்க முடியாது, கெட்ட நாளில் கேட்கவே வேண்டாம். போட்டோவைக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

ஒரு பௌர்ணமி அன்று மதியம் மாடியிலிருந்து நேரலை காட்டப்போகிறேன் என்று அவர் ஸ்டாண்டும் ஒயருமாக அல்லாடிக்கொண்டிருந்தார். போனைப் பிடி என்று என்னிடம் கொடுத்தார். திரையில் யாரோ ஓர் ஆணின் மெசேஜ், முழுக்கத் திட்டு. "வாய்ல கொழுக்கட்டையா வெச்சினு இருக்கீங்க? எங்கம்மாவுக்கு எதுனா ஆச்சுன்னா சும்மா விட மாட்டேன்." அதற்குக் கீழேயே எங்கள் பதில்: அன்புச் சொந்தமே, காத்திருப்பேன், அரோகரா.

மேலே தள்ளிப் பார்த்தேன். "அக்கா, எங்கம்மா உங்களப் பாக்கத்தான் வந்திருக்காங்க. பண்ருட்டியில காலைல பஸ் ஏறுனாங்க. போன் சுவிட்ச் ஆஃப்னு வருது. சுகர் இருக்குது. கொஞ்சம் பாருங்க." அதற்கும் அன்புச் சொந்தமே. அடுத்து, "அக்கா, ப்ளீஸ்." அதற்கும் அதே.

அந்த அம்மாவின் மெசேஜைத் தேடி எடுத்தேன். நான் கேட்காமலே கிடந்த குரல்கள். "இப்பல்லாம் எழுத்துலயே அனுப்பறியே கண்ணு, தொண்டை கட்டிக்கிச்சா?" அடுத்தது, "பௌர்ணமிக்கு மலை சுத்த வர்றேன். உன்னை எங்க வந்து பாக்கறது?" ஒவ்வொன்றுக்கும் கீழே காத்திருப்பேன், காத்திருப்பேன்.

வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே போனை நீட்டினேன். படித்துவிட்டு, "இதையெல்லாமா நம்புவாங்க?" என்றார்.

"நம்ம வீட்டு ஆளு பேசற மாதிரி இருக்கணும்னு சொன்னது யாரு? நானா?"

மகன் மெசேஜில் போட்டிருந்த தன் நம்பருக்கு அடித்தால் போகவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் இங்கே எந்த போன்தான் போகும்? செருப்புகூடப் போடாமல் ஓடினேன். எள் போட்டால் எள் விழாத கூட்டம். எதிரே போனதற்கு ஆளாளுக்குத் திட்டினார்கள். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்த பெரியம்மாக்களிடம் எல்லாம், "பண்ருட்டியா?" என்று கேட்டேன். இல்லை, இல்லை. காணாமல் போனவர்களை மைக்கில் கூப்பிடுகிற போலீஸ் பந்தலில், "அடையாளம் சொல்லும்மா" என்றார்கள்.

"குரல் தெரியும் சார்."

மைக் பிடித்திருந்த போலீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மைக்கில் ஊரைச் சொல்லி அழைத்தார். யாரும் வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. சாப்பிட்டாரா, எங்கேயாவது மயங்கிக் கிடக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. அண்ணாமலையாரே, இதென்ன சோதனை என்று மலையை நிமிர்ந்து பார்த்தேன்.

அப்போதுதான் உறைத்தது. அங்கிருந்து பார்த்தால் மலை வேறு மாதிரி இருந்தது. இந்த மலை அப்படித்தான், நாலு எட்டு நடந்தால் உருவம் மாறிவிடும். அந்த அம்மாவுக்கு என் முகம் தெரியாது, வீடு தெரியாது. தெரிந்ததெல்லாம் என் போட்டோவில் இருக்கிற மலை ஒன்றுதான். அந்த உருவம் எங்கே தெரிகிறதோ அங்கேதானே நிற்பார்!

திரும்பி ஓடினேன். எங்கள் தெரு முனையில், கழனி ஓரத்துச் சின்னப் பாலத்தின் கட்டையில், விளக்குக் கம்பத்தில் தலையைச் சாய்த்து ஓர் அம்மா. மடியில் மஞ்சள் பை. முகமெல்லாம் வேர்வை, கை வெடவெட என்று நடுங்கியது. எங்கள் மொட்டை மாடியிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

"அம்மா, நான்தாம்மா."

குரலைக் கேட்டதும் கண் திறந்தார். பின்னாலேயே வந்த என் வீட்டுக்காரர் டீக்கடையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் வாங்கி வந்தார். நான் தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தேன். டம்ளரைக் காலி செய்துவிட்டுப் பேசினார்.

"ரொம்ப நேரம் காக்க வெச்சிட்டனா கண்ணு? பஸ்ஸை வெளியிலேயே நிறுத்திட்டான், நடந்து வர லேட்டாயிடுச்சு. நீ வந்துட்டுப் போயிட்டியோனு பயந்துட்டேன். சார்ஜ் தீந்துட்டா நீ கூப்பிடறப்ப எடுக்க முடியாதேனு போனை அமத்தி வெச்சிருந்தேன்."

மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடவே இல்லையாம். என்னோடு சேர்ந்து சாப்பிடலாம் என்று இருந்தாராம். பையில் எனக்கு முந்திரி.

மகன் பதறுகிறார் என்று சொல்லி அந்த அம்மாவின் போனை ஆன் செய்தேன். காலையில் அவர் பேசி, போகாமல் நின்றிருந்த மெசேஜ் ஒன்று அப்போது போய்ச் சேர்ந்தது. "வந்துட்டேன் கண்ணு, எங்க இருக்கற?" உடனே டிங் என்று பதில் வந்தது. அந்த அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்: "உங்... களுக்... காகக்... காத்... திருப்... பேன்."

படித்துவிட்டு, தன் கையைப் பிடித்திருந்த என் இரண்டு கைகளையும் பார்த்தார். "இதை இப்ப யாரு கண்ணு அனுப்பனது?" என்றார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்தபடி நின்றார்.