பன்னிரண்டு நிமிடத் தாமதம்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஆலத்தேரி என்று ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே நின்றுபோகிற வண்டிகளே நாளைக்கு நாலோ ஐந்தோதான். காலையில் விழுப்புரம் போகிற ஒன்பது ஐந்து பாசஞ்சர்தான் அதில் முக்கியமானது. அந்த வண்டியில் தாண்டவராயன் ஆறு வருஷமாக வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

விழுப்புரம் முன்சீப் கோர்ட்டில் அவர் காப்பியிஸ்ட். தீர்ப்பு, வாக்குமூலம், பத்திரம் எதுவானாலும் பார்த்து அப்படியே நகல் எழுதித் தர வேண்டும். ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் தாள் வீண். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, எஸ்.எஸ்.எல்.சி. முடித்த இவர் பேனாவைப் பிடித்துக்கொண்டார். ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒன்றரை மைலில், ஓடையைத் தாண்டி வீடு. தினமும் நடந்து வந்து ஒன்பது மணிக்கெல்லாம் பிளாட்பாரத்தில் நிற்பார்.

ஒன்பது ஐந்துக்கு வண்டி வந்து நிற்காது. அதாவது, வந்தால்தானே நிற்பதற்கு. ஒரு நாள் பத்து நிமிடம் தாமதம், மறுநாள் இருபது. எதிரே எக்ஸ்பிரஸ் வருகிறதென்று பேரணி ஸ்டேஷனில் நிறுத்திவைத்துவிட்டார்கள் என்பார்கள். வந்த பிறகும் நிம்மதி கிடையாது. திண்டிவனத்திலேயே பெட்டி நிறைந்துவிடும். உட்காரும் இடத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டை உட்கார்ந்திருக்கும், மனிதர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். ஜன்னல் ஓரம் கிடைத்தால் எஞ்சின் கரி கண்ணில் விழும். வெளுத்து இஸ்திரி போட்ட சட்டை விழுப்புரத்தில் இறங்கும்போது புள்ளி போட்ட சட்டையாக இருக்கும். கோர்ட்டுக்கு ஓடினால், தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்ப்பார். அந்தப் பார்வையைத்தான் தாண்டவராயனால் தாங்க முடியவில்லை.

மற்றவர்கள் வண்டியை வாயால் வைதுவிட்டு ஏறிக்கொள்வார்கள். இவர் எழுதுகிறவர் அல்லவா. ஸ்டேஷனில் புகார்ப் புத்தகம் என்று ஒன்று உண்டு, யார் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்று எங்கோ படித்துவைத்திருந்தார். சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கியதும் நேரே மாஸ்டர் அறைக்குப் போவார்.

"புஸ்தகத்தைக் குடுங்க சார்."

ஸ்டேஷன் மாஸ்டர் சக்கரபாணி எடுத்துக் கொடுப்பார். குட்டையான, மெலிந்த மனிதர். முதல் வருஷம் பதில் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் வருஷம் முறைத்தார். மூன்றாம் வருஷத்திலிருந்து, சாயங்கால வண்டி சிக்னல் கைகாட்டியைத் தாண்டும்போதே புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார். கார்பன் வைத்து மூன்று தாளில் எழுத்து விழும். ஒன்று எழுதியவருக்கு, ஒன்று மேலிடத்துக்கு, ஒன்று புத்தகத்திலேயே இருக்கும். தாண்டவராயன் ஆங்கிலத்தில், கோர்ட்டு நடையில், முத்து முத்தாக எழுதுவார். ஒன்றரை மாதம் கழித்து ஒரு அச்சடித்த கடிதம் வரும்: தங்கள் புகார் கவனத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. அவ்வளவுதான். வண்டி அதன் பாட்டுக்கு வரும், போகும்.

ஆறு வருஷத்தில் அறுபத்தொரு புகார். பிளாட்பாரத்தில் அவருக்கே 'புகார் புஸ்தகம்' என்று பேராகிவிட்டது. போர்ட்டர் பெரியதம்பி அவர் காதுபடவே, "மாஸ்டர், புஸ்தகம் வருது பாருங்க" என்பான்.

1959ஆம் வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அவர் மனைவி அம்சாவுக்கு எட்டாம் மாதம். ஒன்பதாம் மாதம் தாய் வீட்டுக்கு, கெடாருக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதற்குள் ஒரு விடியற்காலை வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி வீரம்மாள் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள். பிறகு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கொழந்தை குறுக்கால கெடக்குதுப்பா. என் கையால ஆவாது. ஜல்தி விழுப்புரம் கொண்டுக்கினு போங்க. நின்னுக்கினு இருக்காதீங்க."

பஸ் போகிற ரோட்டில் ஏரித் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. ரயிலைத் தவிர வேறு வழியில்லை. அண்ணன் நடராசன் மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே பாய் விரித்து, மாட்டைப் பூட்டினார். ஒன்றரை மைல் சேறு. சக்கரம் இரண்டு இடத்தில் புதைந்தது. தாண்டவராயன் சக்கரத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அம்சா கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வண்டித் தடியைப் பிடித்திருந்தாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறும்போது வடக்கே புகை தெரிந்தது. இடுப்பில் செருகியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது மூன்று. ஆறு வருஷமாகத் தாமதமாகவே வந்த வண்டி, அன்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஸ்டேஷன் இன்னும் மூன்று பர்லாங்கு இருந்தது. வண்டி நிற்பது ஒரு நிமிடம்.

"அண்ணே, போயிடும்ணே" என்றார். மாட்டு வண்டியிலிருந்து குதித்து, துண்டைக் கழற்றி வீசிக்கொண்டே ஓடினார்.

பிளாட்பாரத்தில் நின்றிருந்த சக்கரபாணி கண்ணில் அந்தத் துண்டு பட்டது. அந்தப் பாதையில் வண்டி கிளம்ப வேண்டுமானால் மாஸ்டர் கையிலிருந்து டிரைவர் கைக்கு ஒரு பிரம்பு வளையம் போக வேண்டும். அது போகாதவரை எந்த டிரைவரும் நகர்த்தமாட்டார். சக்கரபாணி வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணுக்குமேல் கையை வைத்துக் கிழக்கே பார்த்தார். கூண்டு இல்லாத வண்டி, பாய், படுத்திருக்கும் பெண். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

"பெரியதம்பி, ஓடுடா. அவங்களுக்கு ஒரு கை குடு."

பிளாட்பாரம் மேற்குப் பக்கம். மாட்டு வண்டி தண்டவாளத்தைக் கடந்துதான் வர வேண்டும். எஞ்சினுக்கு முன்னால் வந்ததும் செவலை மாடு நீராவிச் சத்தத்துக்கு மிரண்டு, தண்டவாளத்தின் நடுவில் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. நடராசன் அடித்தார், வாலை முறுக்கினார். அது அசையவில்லை. பெட்டிகளிலிருந்து தலைகள் நீண்டன. "இன்னாய்யா பேஜாரு, ஆபீசுக்குப் போவ வேணாமா?" என்று ஒருவர் சத்தம் போட்டார். தாண்டவராயனுக்கு அந்தக் குரல் தெரியும். அந்த இடத்தில் இருந்தால் தானும் அப்படித்தான் கத்தியிருப்போம் என்றும் தெரியும்.

கடைசியில் பெரியதம்பியும் எஞ்சின் ஃபயர்மேனும் பாயின் நான்கு முனையையும் அண்ணன் தம்பி இருவரோடும் சேர்ந்து பிடித்து, அம்சாவைத் தூக்கிக்கொண்டே தண்டவாளத்தைக் கடந்தார்கள். பெண்கள் பெட்டியில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிற நர்ஸ் ஒருத்தி இருந்தாள், இருதயமேரி என்று பேர். அவள் பார்த்த உடனே எழுந்து இரண்டு பலகையைக் காலி பண்ணச் சொல்லி, கதவை அடைத்தாள். ஜன்னல் வழியாக, "நீங்க அடுத்த பெட்டில ஏறுங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

நடராசன் மாட்டை ஒருவழியாகத் தண்டவாளத்தை விட்டு ஓட்டிய பிறகுதான் சக்கரபாணி வளையத்தைக் கொடுத்தார். மணி ஒன்பது பதினெட்டு.

விழுப்புரத்தில் இறங்கியதிலிருந்து எல்லாம் இருதயமேரி சொன்னபடி நடந்தது. பதினொன்றரைக்கு ஆபரேஷன் அறையிலிருந்து டாக்டரம்மா வந்தார். பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் அழுகிறது. தாயும் பிழைத்துக்கொண்டாள். "இன்னும் அரை மணி ஆயிருந்தா ரெண்டு பேருமே இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். அடுத்த பாசஞ்சர் மூன்று மணிக்குத்தான் என்பது தாண்டவராயனுக்கு மனப்பாடம். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பன்னிரண்டு நாள் கழித்து, அம்சாவையும் குழந்தையையும் கெடாருக்கு அனுப்பிவிட்டு, சாயங்கால வண்டியில் ஆலத்தேரியில் இறங்கினார். நேரே மாஸ்டர் அறை. மேஜைமேல் புத்தகம் தயாராக இருந்தது. சக்கரபாணி ஒரு சரக்கு வண்டிக்காக டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார். வழக்கம்போலப் பார்க்கவில்லை.

தாண்டவராயன் உட்கார்ந்து எழுதினார். ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிப் பார்த்தார், ஓடவில்லை. ஆங்கிலத்தில் குறை சொல்லித்தான் பழக்கம், நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அடித்துவிட்டுத் தமிழில் எழுதினார். நகல் எழுதுகிற கை என்பதால் ஒன்றையும் விடவில்லை. வண்டி ஒன்பது ஐந்துக்கு வந்தது, ஒன்பது ஆறுக்குக் கிளம்ப வேண்டியது, என் மனைவிக்காக மாஸ்டர் பன்னிரண்டு நிமிடம் நிறுத்திவைத்தார், இரண்டு உயிர் பிழைத்தது, இந்தக் குடும்பம் உள்ளவரை மறக்கமாட்டோம். கையெழுத்துப் போட்டார். தாள் அன்றைக்கே ரயில் கார்டின் பையில் மேலிடத்துக்குப் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் பெரியதம்பி சிரிக்காமல் வந்தான்.

"மாஸ்டர் கூப்புடறாருங்க."

சக்கரபாணி ஒரு காகிதத்தை நீட்டினார். மெமோ. வண்டி நின்றதற்குக் காரணம் என்று அன்றைய பதிவேட்டில் 'மாடு குறுக்கே நின்றது' என்று அவர் எழுதியிருந்தார். பயணி ஒருவரோ வேறு விதமாக எழுதியிருக்கிறார். எது உண்மை? பொய்ப் பதிவுக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?

"அறுபத்தொரு புகார் எழுதினீங்க, எனக்கு ஒண்ணும் ஆவல" என்றார் சக்கரபாணி. குரலில் கோபம்கூட இல்லை. "ஒரே ஒரு நன்றி எழுதினீங்க. மெமோ வந்துடுச்சு."

தாண்டவராயன் மெமோவை இரண்டு தடவை படித்தார். "என்ன எழுதறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க சார், எழுதும்போதே."

"நீங்க எழுதறத நான் என்னைக்குப் படிச்சேன்?"

விசாரணை விழுப்புரத்தில். கூப்பிடாமலே தாண்டவராயன் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்றார். அதிகாரி கண்ணாடி போட்ட, களைத்துப்போன மனிதர். மேஜைமேல் ஒரு தடித்த கோப்பு இருந்தது. அதன்மேல் இருந்த கையெழுத்து தன்னுடையது என்று தாண்டவராயன் தூரத்திலிருந்தே கண்டுகொண்டார்.

அதிகாரி ஒரு தாளைப் புரட்டினார். "ஐம்பத்தேழு ஜூலை. 'வண்டி பதினோரு நிமிடம் தாமதம், இதற்கு யார் பொறுப்பு?' நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

"இப்ப பன்னிரண்டு நிமிஷம் தாமதம். அதுக்கு நன்றி. நான் எதை நம்பறது?"

"ரெண்டையும் நம்பலாங்க" என்றார் தாண்டவராயன். "இருக்கறத இருக்கறபடி எழுதறதுதான் என் வேலை. அன்னிக்கு லேட்டு, லேட்டுன்னு எழுதினேன். இன்னிக்கு என் பொண்டாட்டி, புள்ள உசிரோட இருக்காங்க. அதையும் எழுதினேன்."

"அப்ப பதிவேட்டில் இருக்கிற மாடு?"

"அதுவும் நெசந்தாங்க. என் அண்ணன் வண்டி மாடு. செவலை. எஞ்சின் எதிர்லியே நின்னுடுச்சு. நீங்க டிரைவரைக் கேளுங்க. மாஸ்டர் பொய் எழுதல, பாதிதான் எழுதினாரு. மீதி பாதிய நான் எழுதிட்டேன்."

அதிகாரி கோப்பை மூடி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு வருஷமா நம்ம ஆளுங்களைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை எழுதாத மனுஷன்" என்று பக்கத்திலிருந்த கிளார்க்கிடம் சொன்னார். "இவர் சொன்னா இருக்கும்." குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். பாலைக் குடிக்கிறது என்றார் தாண்டவராயன்.

மூன்று வாரத்தில் சக்கரபாணிக்கு ஒரு வரி வந்தது. இனிமேல் இத்தகைய சந்தர்ப்பங்களில் தாமதத்தின் காரணத்தை முழுமையாகக் குறிப்பிடவும். தண்டனை எதுவும் இல்லை.

தை மாதம் அம்சா குழந்தையோடு திரும்பி வந்தாள். ஆலத்தேரியில் இறங்கியதும் மாஸ்டர் எங்கே என்று கேட்டாள். பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டு நின்றவரைத் தாண்டவராயன் காட்டினார். அவள் போய் எதிரே நின்றாள். என்னென்னவோ சொல்ல நினைத்து வந்தவள்.

"அன்னிக்கு நான் கண்ணையே தொறக்கலீங்க. உங்க மொகம் எப்படி இருக்கும்னு நெனச்சிக்கினே இருந்தேன்" என்றாள். குழந்தையை இரண்டு கையாலும் அவர் பக்கம் நீட்டினாள். சக்கரபாணிக்குக் கொடியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெரியதம்பி வாங்கிக்கொண்டான். குழந்தையைக் கையில் வாங்கி, "கனமாத்தான் இருக்கறா" என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் தாண்டவராயன் புத்தகத்தைக் கேட்கவே இல்லை. வண்டி என்னவோ திருந்தவில்லை. ஒரு நாள் சக்கரபாணியே புத்தகத்தோடு வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தாங்க இருக்கேன். உங்களப் பத்தி இனிமே என்னத்த எழுதறது?"

"என்னைப் பத்தி எழுத வேணாம். மழைன்னா பொம்பளைங்க ஒதுங்கறதுக்கு இங்க கூரை இல்ல. நான் ஏழு தடவ எழுதிட்டேன், மேல ஒருத்தரும் கண்டுக்கல. உங்க கையெழுத்துன்னா அங்க எல்லாருக்கும் தெரியும். எழுதுங்க."

தாண்டவராயன் பேனாவைத் திறந்தார். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் எழுதுவதற்கு முன் சக்கரபாணிக்குச் சொல்லிக் காட்டினார். மாதம் ஒன்றாக ஒன்பது புகார் போயிற்று. 1961 ஆனியில் நான்கு தூணும் தகரக் கூரையும் வந்தன. அந்த வருஷ ஐப்பசி மழையில் அதன் கீழே நனையாமல் நின்றுகொண்டு, வண்டி இன்னும் வரவில்லை என்று எல்லோரும் வைதார்கள். தாண்டவராயனும் சேர்ந்து வைதார்.