திரும்பிப் பார்க்காத மாமியார்

ஏர்லீன் யெல்லோஹேர் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எதிரே லாரி வந்தாலும் ஒதுங்கமாட்டாள். மாப்பிள்ளை லேலண்ட் வந்தால் மட்டும் ஓடி ஒளிவாள். நவஹோ பழங்குடி வழக்கம் அது. மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, நேரே பேசக் கூடாது. பார்த்தால் கண் போய்விடும். இருப்பதோ ஒரே வீடு! சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டுதான் அவள் அடுப்படிக்குள் நுழைவாள். அவன் பின்வாசல் வழியாகப் பறப்பான்.

ஒருநாள் காலை மகள் போனில் அலறினாள்.

"அம்மா! குடியேற்றப் போலீஸ் வெளிநாட்டுக்காரர்னு நெனச்சு அவரை வேலை செய்யற எடத்துல பிடிச்சிட்டாங்க. கார்டு வீட்லயே கெடக்குது. வேன்ல ஏத்திட்டா எங்க தேடுறது?"

ஏர்லீன் பழங்குடி அடையாள அட்டையைக் கவிழ்த்தபடியே துணியில் சுற்றினாள். அதிலும் அவன் முகம்தானே இருக்கிறது! வண்டியை விரட்டிக்கொண்டு அவன் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

வேன் கதவு திறந்து கிடந்தது. சாவிச் சத்தம் கேட்டதும் லேலண்ட் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஏர்லீனோ, "என் மருமகன விடுங்க!" என்று கத்திக்கொண்டே, பேருந்தை ரிவர்ஸ் எடுப்பதுபோலப் பின்னோக்கி நடந்து வந்தாள்.

அதிகாரிக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. "மூஞ்சிய ஏன் மறைக்கிறான்? திரும்பிப் பாரும்மா. இவன்தான் உன் மருமகனா?"

"பாக்கமாட்டேன். இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

"அப்ப இவனையும் வேன்ல ஏத்து!"

"அத்தைகிட்ட திரும்பிப் பாக்க வேணாம்னு சொல்லுங்க!" என்று லேலண்ட் கத்தினான். "நான் ஏறிக்கிறேன்!"

ஏர்லீனுக்கு நெஞ்சு பொங்கியது. தான் போனாலும் போகட்டும், மாமியார் கண் பிழைக்கட்டும் என்கிறானே! பெற்ற பிள்ளைகூட இப்படிச் சொல்லுமா?

கையைப் பின்னால் வீசி அட்டையை நீட்டினாள். "எங்க நவஹோ அரசாங்கம் குடுத்த கார்டு. நாங்க இந்த மண்ணுக்காரங்க, இந்த நாட்டுக் குடிமக்க. போட்டோ இருக்கு. ஒங்க கண்ணு எதுக்கு இருக்கு? சந்தேகம்னா அங்க போன் போட்டுக் கேளுங்க. அதுவரைக்கும் நாடு கடத்துற ஒங்க காகிதத்துல அவரு ஒரு கையெழுத்தும் போடமாட்டாரு!"

அதிகாரி அட்டையைப் பார்த்தான், லேலண்டைப் பார்த்தான், போன் பேசினான். பிறகு அட்டையை லேலண்டிடம் கொடுத்து, "போகலாம்" என்றான்.

ஏர்லீனுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"ஐயா, மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு சொல்லுங்க."

"பக்கத்துலதானே நிக்கிறான்?"

"நீங்கதான் சொல்லணும். இன்னொரு தடவ கார்ட மறந்துட்டுப் போனா, நான் திரும்பிப் பாத்துடுவேன்னு சொல்லுங்க."